பணிமனையின் இரண்டாவது ஓட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுத இன்று தெம்பில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று முறைக்கிறாள். அவளுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் நாலு மாதம் ஆகிறது, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், சேர்த்து வைத்ததெல்லாம் அதிலேயே கரைந்துவிட்டது. வெறும் ரத்தசோகை என்று உன்னிடம் சொன்னது நான்தான். திட்டுவதைப் பிறகு திட்டிக்கொள், இப்போது முழுதும் படி.

எல்லோருக்கும் மருத்துவம் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்ததே, ஒரு இடத்தில் வேலை செய்கிறவர்கள் மொத்தமாகச் சேர வேண்டும், எல்லார் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிப்பார்கள், யார் வீட்டில் யார் படுத்தாலும் செலவைத் திட்டம் பார்த்துக்கொள்ளும். எங்கள் பஸ் பணிமனையில் எந்த முடிவென்றாலும் கிரீஸ் டப்பாவில்தான் ஓட்டு. வேண்டும் என்றால் ஒரு நட்டு, வேண்டாம் என்றால் ஒரு வாஷர், கையை மூடிக்கொண்டு போட வேண்டும். போன வருஷம் அந்த ஓட்டுக்கு முன்னால் பெஞ்சு மேல் ஏறிப் பேசினவன் உன் அப்பன்தான். குடிக்கிறவன் ஈரலுக்கும் கண்டதைத் தின்னுறவன் சர்க்கரைக்கும் நான் ஏன்யா அழணும், அவனவன் உடம்பு அவனவன் பாடு என்றேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல், பெயின்டர் என்னைத் தோளில் தூக்காத குறை. டப்பாவைக் கவிழ்த்தால் ஒரே வாஷராகக் கொட்டியது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் பீற்றிக்கொண்டேன்.

போன வாரம் மறுபடி ஓட்டு. வருஷத்துக்கு ஒரு முறைதான் வாய்ப்பு. மானம் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆள் ஆளாகப் போய்க் கெஞ்சினேன். பெயின்டர் சிரித்துக்கொண்டே, நீங்க சொன்னதைத்தானே நாங்க கேட்டோம், இப்ப உங்க வீட்டுக்கு வந்ததும் எங்க சம்பளம் இனிக்குதா என்றான். இன்னொருவன், பணக்காரன்கிட்ட வரி வாங்கிக் கொடுக்கட்டும், நம்ம கூலியில ஏன் கை வைக்கணும் என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் வந்து சேரும்வரை உன் அம்மா தாங்க மாட்டாள். டயர் மாட்டுகிற குண்டன் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நட்டுதான் போடுவேண்ணே என்றான். போன வருஷம் அவன் மனைவிக்கு மார்பில் கட்டி. எங்களுக்காகக் கொஞ்சம் பேசுங்கண்ணே என்று அன்றைக்கு வந்து நின்றான், நான் பேசவில்லை, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்துவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் ஒன்பது வாஷர் அதிகம்.

தோற்ற மறுநாளிலிருந்து உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள், பஸ் நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறாள். எங்கள் டிரைவர் ஒருவர் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். வீட்டை விற்றுவிடலாம் என்றால், மகளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான், அதைத் தொடாதீங்க என்கிறாள். அதட்டினேன், அழுதேன். அவனவன் உடம்பு அவனவன் பாடுன்னு சொன்னது நீங்கதானே, இது என் உடம்பு, என் பாடு, விடுங்க என்று சிரிக்கிறாள். கால் வீங்கிக் கிடக்கிறது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. இப்படியே விட்டால் வாரக் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மாடி.

உன்னிடம் பணம் கேட்கவில்லை. வீடு எனக்கு வேண்டாம், நீதான் வேண்டும் என்று உன் வாயால் அவளிடம் சொல். சண்டை போட்டுச் சொல், அழுது சொல், எப்படியாவது சொல். விற்பனைக்கு உன் கையெழுத்து வேண்டிய தாளை இதோடு வைத்திருக்கிறேன், உடனே போட்டு அனுப்பு. குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. என்மேல் உள்ள கோபத்தில் என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் பேசிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா