மேக நிறத்து எழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், அப்பா எப்படி இருக்கிறார் என்பதை ஒரு வரியில் எழுத முடியாது, கீழே வருகிறது. உன் தங்கை பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது, கைக்குக் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறது. நீ அனுப்பிய போட்டோவும் வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கேடயத்தோடு நிற்கிறாய், சிறந்த வெப்சைட் வடிவமைப்புக்குப் பரிசாம், அதுவும் இங்கே நம் கண் ஆஸ்பத்திரிக்கு நீ செய்துகொடுத்த வெப்சைட்டுக்காம். பரிசு கொடுத்த மகானுபாவர்களில் ஒருவருக்காவது நாற்பது வயது தாண்டியிருக்குமா என்று விசாரித்து எழுது.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தடவித் தடவி ஓட்டமாட்டேன் என்று பள்ளி வேன் சாவியை அவரே கொடுத்துவிட்டது உனக்குத் தெரியும். லீவு முடிவதற்குள் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் வேன் உங்களுக்குத்தான், இல்லாவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். போன வியாழக்கிழமை ஆபரேஷனுக்குத் தேதி. ஆஸ்பத்திரியில் இப்போது சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை, எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். நான் படிக்கட்டுமா என்று கேட்டேன். எல்லாம் படிச்சாச்சு, நம்ம பிள்ளை போட்டதை எனக்கு நீ படிச்சுக் காட்டணுமா, பேசாம கடைக்குப் போ என்றார். நானும் நம்பி பெயிண்ட் கடைக்குப் போனேன், என் புத்தியைச் சொல்லவேண்டும். வியாழக்கிழமை நர்ஸ் வந்து, மூணு நாளா சொட்டு மருந்து விட்டீங்களா என்றாள். எந்தச் சொட்டு மருந்து என்று இவர் திருதிருவென்று விழிக்கிறார். மூன்று நாள் முன்னதாகவே மருந்து விட ஆரம்பிக்க வேண்டுமாம், அது உன் வெப்சைட்டில் இருக்கிறதாம். படிக்கலையா என்று அவள் அத்தனை பேர் நடுவில் சத்தம் போட, படிச்சேம்மா, மறந்துட்டேன் என்றார். டாக்டரின் பிள்ளையை அப்பா வேனில் ஏற்றிப்போய் விட்ட பழக்கத்தில்தானே அவர் அந்த வெப்சைட் வேலையையே உனக்குக் கொடுத்தார், அந்த டாக்டரும் வந்து, இவ்வளவு அலட்சியமா இருந்தா எப்படி என்று கேட்டுவிட்டுப் போனார். தலையை ஆட்டிக்கொண்டார் உன் அப்பா. வேறு தேதி கொடுத்திருக்கிறார்கள், பள்ளி திறந்து பத்து நாள் கழித்து.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைப் போனில் நானே திறந்தேன். எனக்குப் பார்வை நன்றாகவே இருக்கிறது, ஆனால் எனக்கே முதலில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. ஜன்னல் ஓரம் போய்ச் சாய்த்துப் பிடித்தபிறகுதான் அதில் எழுத்து இருப்பதே தெரிந்தது. வெள்ளைமேல் சாம்பல், அதுவும் துவைத்துத் துவைத்து வெளுத்த சாம்பல். பதினெட்டு வருஷமாக நிறம் விற்கிறேனடா, அப்படி ஒரு நிறத்தை எவனாவது கேட்டால் பெயிண்டுக்கு அடியில் பூசுகிற முதல் கோட்டுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் டப்பாவை எடுப்பேன். எழுத்தோ தலைமுடி கனம்தான். புள்ளிகளைக் காணோம். நெருக்கி அடுக்கியதில் மேல்வரிக் காலும் கீழ்வரிக் கொம்பும் கட்டிப்புரள்கின்றன, ஆனால் பக்கத்தில் பாதி சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடப்பதற்குத்தான், மூச்சுவிட இடம் வேணும்மா, அது உனக்குப் புரியாது என்று இதைச் செய்யும்போதே போனில் எனக்குப் பாடம் எடுத்தாய். இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகவும் மாட்டேன் என்கிறது, உன் அழகு கெட்டுவிடும் என்று பூட்டி வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. சொட்டு மருந்து விஷயம் கடைசியில், எல்லாவற்றையும் விடச் சின்னதாக. உன் கம்பெனி பெயர் மட்டும் கீழே கொட்டை எழுத்தில், நல்ல கறுப்பில். கண் ஆஸ்பத்திரிக்குக் கண் சரியில்லாதவர்கள்தான் வருவார்கள் என்று உங்கள் ஆபீசில் ஒருவருக்குமா தோன்றவில்லை, அத்தனை பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே என்னதான் செய்கிறீர்கள்.

போனை அப்பா கையில் கொடுத்துப் படியுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மேகம் மாதிரி அழகா இருக்கு என்றார். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை என்பதை அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. தெருவில் உள்ள அத்தனை பேரிடமும் அதைக் காட்டி என் மகன் செய்தது என்று சொல்லியிருக்கிறார், ஒருநாள்கூட அதைப் படித்திருக்கவில்லை. யாரையாவது படித்துக்காட்டச் சொன்னால் உன் வேலையைப் படிக்க முடியவில்லை என்று ஆகிவிடுமே, அதற்குப் பதில் தனக்கு மறதி என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் அவர்மேலா உன்மேலா என்று தெரியவில்லை, அன்று ராத்திரி இரண்டு பேரோடும் மனசுக்குள் சண்டை போட்டேன்.

முதலாளியிடம் நானே போய்ப் பேசினேன், பார்க்கலாம் என்கிறார். நீ செய்யவேண்டியது, டாக்டருக்குப் போன் போட்டு அப்பா மறக்கவில்லை, என் எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை என்று உன் வாயால் சொல். தேதியை முன்னால் தள்ளினாலும் தள்ளுவார். கூச்சமாக இருந்தால் அந்தக் கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசு. பிறகு எழுத்தைக் கறுப்பாக்கு, பெரிதாக்கு, புள்ளிகளைக் கொண்டுவந்து சேர், மருந்து விஷயத்தை மேலே ஏற்று.

நீ நன்றாக இரு, நோய்நொடி இல்லாமல் இரு, என் வயிற்றெரிச்சல் எதுவும் உன்னைத் தொடாமல் இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கண் கட்டைப் பிரித்ததும் முதலில் என் மகன் போட்ட பக்கத்தைத்தான் படிப்பேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்குள் மாற்றிவிடு. இல்லாவிட்டால் ஆபரேஷன் சரியாகவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
கறுப்பு மையில் எழுதும்,
உன் அம்மா