படகு குடித்த எண்ணெய்

1952 ஜூலை 15, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். நேற்று வகுப்பு முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. வழியில் வெள்ளைச் சேலையோடு சுகிர்தம் டீச்சர் நிற்கிறார் என்று கும்பிட்டேன். "இன்னும் பஸ்ஸு வரலீங்களா டீச்சர்?" என்றேன். பதில் இல்லை. கோபமோ என்று, வீட்டுப் பாடம் எழுதாததற்கு மன்னிப்பும் கேட்டேன். பின்னாலிருந்து என் பெண்சாதி ராஜாத்தி, "யோவ், பாய்மரத்தாண்ட இன்னாயா பேச்சு?" என்றாள். பாயைச் சுற்றி யாரோ நிறுத்தி வைத்த மரம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும். பங்குனியிலிருந்தே இப்படி. பொழுது இறங்கினால் எனக்கு எல்லாம் சாம்பல். விடிந்தால் சரியாகிவிடும்.

அவள் தம்பி மண்ணாங்கட்டிக்குத் தெரியக் கூடாது. படகு எங்கள் இரண்டு பேருக்கும் பொது. இருட்டோடு கிளம்பி முகத்துவாரத்தைத் தாண்டும்போது பின்துடுப்பு பிடிப்பது நான்தான், இருபது வருஷமாக. இப்போது அலைச் சத்தத்தை வைத்துத் திருப்புகிறேன். தெரிந்தால் கரையில் உட்கார்ந்து வலை பின்னு என்பான்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டாம் கிளாஸோடு நின்றவனுக்கு நாற்பத்தாறு வயசில் டீச்சர். தினம் நாலு வரி எழுதினால் கை பழகும் என்கிறார். அதனால்தான் இந்த நோட்டு. திங்களும் வியாழனும் சாயந்திரம் குப்பத்து வலைக் கொட்டகையில் வகுப்பு. டீச்சருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குத் திருவொற்றியூரில் மளிகைக் கடை.

நேற்று எழுத்து கிடையாது, உடம்புப் பாடம். பெரிய படம் ஒன்றை மாட்டினார். ஆப்பிள், கேரட், முட்டை, ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. எல்லாம் தின்றால் அந்தக் குழந்தை மாதிரி ஆகலாமாம்.

"டீச்சர், இந்தக் கேரட்டு எந்த வலையில மாட்டும்?" என்றேன். கொட்டகையே சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தார், ஆனால் முகம் வாடிவிட்டது.

பிறகு கேட்டார், "பொழுது அடைஞ்சா கண்ணு தெரியாமத் தடுமாறுறவங்க இங்க யாராச்சும் உண்டா? அதுக்கு மாலைக்கண்ணுன்னு பேரு. சாப்பாட்டுல சத்து இல்லாம வருது. சரி பண்ணிரலாம்."

என் கை தொடைக்கு அடியில் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "மதுவிலக்கு வந்ததிலேருந்து அந்தத் தடுமாட்டம் கொறஞ்சி போச்சி டீச்சர்." இன்னொரு சிரிப்பு. யாரும் கை தூக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடல் மோசம். படகு இறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூச்சம்.

ஜூலை 25, வெள்ளி

டீச்சர் எங்கெங்கோ அலைந்து, ஆஸ்பத்திரியில் கெஞ்சி, ஒரு பெட்டி நிறைய சின்ன சீசா கொண்டுவந்தார். கண்ணுக்கு நல்லது, தினம் ஒரு சின்ன ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம் என்றார். மூடியைத் திறந்ததும் கொட்டகை முழுக்க அந்த வாசனை. சுறா ஈரல் எண்ணெய்!

நாங்கள் சுறா ஈரலை உருக்கிப் பலகைக்குப் பூசுகிற ஆட்கள். படகு உளுத்துப் போகாமல் இருக்க அதைவிட நல்ல சரக்கு கிடையாது. அதையே சீசாவில் அடைத்து, லேபிள் ஒட்டி, எங்களிடமே கொடுத்தால்?

"டீச்சர், தப்பா புரிஞ்சிகினீங்க. கண்ணு தெரியாதது எங்க படகுக்குத்தான்" என்றேன். ஆரம்பித்து வைத்தது நான். மற்றதெல்லாம் தானாக நடந்தது. இன்று மத்தியானம் எங்கள் படகில் மட்டும் ஆறு சீசா பூசினோம். பலகை என்ன பளபளப்பு!

ஜூலை 29, செவ்வாய்

நேற்று டீச்சர் கேட்டார், "குடிச்சியளா?" எல்லோரும் காலி சீசாவைத் தூக்கிக் காட்டினோம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அந்தச் சந்தோஷத்தில் கரைக்கு வந்து, எங்கள் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தபோது சேலை ஒட்டியது. கையை மோந்து பார்த்தார்.

"இதுல எத்தனை சீசா, அண்ணாச்சி?"

"ஆறு, டீச்சர்."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பிறகு, "நல்லது. இந்தப் படகுக்கு மாலைக்கண் வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தால், கொட்டகைக்குப் போய் அந்தப் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். சாக்கட்டியை எடுத்தார். "நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நீங்க எதையெல்லாம் தூக்கிப் போடுறீங்கன்னு முதல்ல கேட்டிருக்கணும். சொல்லுங்க" என்றார். ஆளாளுக்குச் சொன்னோம். ஈரல் படகுக்கு. முருங்கைக்கீரை ஆட்டுக்கு. கஞ்சித் தண்ணி மண்ணுக்கு. கரும்பலகை நிறைந்துவிட்டது.

"சத்து பூராவும் வூட்டு வாசலோட போவுது" என்றாள் மீன் விற்கிற கெங்கம்மா.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்னிக்கு விடியறதுக்கு முன்ன முகத்துவாரத்துல — வலை கட்ற கழி ஒண்ணு நட்டு வெச்சிருந்தானுங்க. நான் பாக்கல. எப்படிப் பாப்பேன்? படகு போய் இடிச்சி மண்ணாங்கட்டி தண்ணில வுழுந்துட்டான். தண்ணியோட இழுப்பு வேற. முடியைப் புடிச்சி இழுத்துப் போட்டேன்.

நெத்தியில ரத்தம். "மாமா, கண்ணு தெர்லயா உனுக்கு?"

"குளிச்சி ஒரு வாரம் ஆச்சேன்னு தள்ளிவுட்டேன்டா" — நான்தான் சொன்னேன். இதுக்கும் ஒரு கிண்டல்! அவன் சிரிக்கல.

சொன்னா துடுப்பு போயிடும். சொல்லலன்னா? அவனுக்கு ரெண்டு கொழந்தைங்க. அவன் பொண்டாட்டி மூஞ்ச நான் எப்டிப் பாக்கறது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று வகுப்பில் டீச்சர் கீரைப் பாடத்தில் இருந்தார். நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் சிரிக்கத் தயாராகத் திரும்பினார்கள்.

"டீச்சர், அன்னிக்கி கேட்டீங்களே, பொழுது போனா தடுமாறுறவங்க யாருன்னு. நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. இந்தக் கொட்டகையில் நான் பேசி ஒருத்தரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

கெங்கம்மாதான் முதலில் பேசினாள். "அதான் அன்னிக்கி என் மீன் கூடையில கால வெச்சியா? வேணும்னே வெச்சேன்னு உன்ன எப்டியெல்லாம் வைஞ்சேன்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மா, என் மவளும் அப்டித்தான் கீறா. வெளக்கு வெச்சா செவுத்தப் புடிச்சிகினு நடக்கறா" என்றாள். அப்புறம் பின்வரிசையில் இரண்டு கை.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டி எழுந்து வெளியே போய்விட்டான். போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக வழி தெரியாமல் வாசலில் நின்றபோது தோளில் கை விழுந்தது.

"நாளைலேருந்து முன்னாடி ஒக்காரு. பின்துடுப்பு எங்கிட்ட. கண்ணு வந்தா வாங்கிக்கோ." வீடு வரை கையை விடவில்லை. நடுவில் ஒரு தடவை, "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா மாமா உனுக்கு?" என்றான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுறா கிடைத்தது. ராஜாத்தி புதுச் சட்டியில் ஈரலை உருக்கி வடிகட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்பூன் ஊற்றினாள். குப்பத்துப் பூனையெல்லாம் என் பின்னால் வருகிறது. "அந்தாண்ட போய்ப் படு" என்கிறாள். மூன்று வேளையும் முருங்கைக்கீரை. ஆடு என்னை முறைக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றும் தெரியவில்லை. ஏப்பம் மட்டும் வருகிறது.

ஆகஸ்ட் 16, சனி

டீச்சர் மறுபடி சீசா வாங்கிவரவில்லை. அதற்குப் பதில் வியாழக்கிழமை என்னை எழுப்பி நிறுத்தி, "நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க அண்ணாச்சி" என்று சாக்கட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.

நானா? பாடமா? 'ஈரல்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை, பேச வந்தது. எண்ணெய் குடி என்றால் எங்கள் ஆட்கள் குடிக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். அதனால், "படகுக்குப் பூசு, நைனா, நான் வாணாங்கல. பூசிட்டு ஒரு ஸ்பூன் மட்டும் மிச்சம் வை. படகு கோச்சிக்காது" என்றேன். கெங்கம்மா, "வாத்தியாரே, எம் பொண்ணுக்கு எவ்ளோ ஊத்தறது?" என்று கேட்டாள். நக்கல் இல்லை, நிஜமாகக் கேட்டாள். சின்னப் பிள்ளைக்கு அதிலும் கொஞ்சம் என்று டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

வெளியே வரும்போது வாசற்படி லேசாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பழக்கத்தில் கால் வைத்தேனா, பார்த்து வைத்தேனா? ராஜாத்தியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நேற்று பொழுது நன்றாக அடைந்து, வீடுகளில் விளக்கு ஏற்றிய பிறகு, கழிமுகத்துச் சேற்றோரம் நின்றிருந்தேன். நிலா இல்லை. பத்தடி தள்ளி ஒரு நண்டு. கொடுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. இடது கொடுக்கு கொஞ்சம் பெரிசு. ராஜாத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அது தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடித்துக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். நண்டுக்கும் கண் நன்றாகத் தெரிந்தது.

ஆள்காட்டி விரலில் துணி மூன்று சுற்று. இதை இடது கையால் எழுதுகிறேன். மண்ணாங்கட்டி வந்து பார்த்தான். பின்துடுப்பைத் திரும்ப என்னிடம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகு.