காலர் மட்டும் தைத்தவள்

அண்ணனூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

வேலையை விட்டுத் தையல் கடை போடப்போகிறேன் என்றேனே, அதற்கு முன்னோட்டமாக வீட்டுக்காரம்மா பொன்னம்மாளுக்கு ஒரு ஜாக்கெட் தைத்தேன். போட்டுப் பார்த்தவர், "இன்னாம்மா, வலது கைய இடது பக்கம் வெச்சிக்கீற!" என்று சிரித்துவிட்டார். எங்கள் சட்டைக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு பாகம். ஆறு வருடமாக நான் தைத்தது காலர் மட்டும்தான்.

இப்போது சூப்பர்வைசர் வேலை தருகிறார்கள். சரி என்று சொல்லப்போகிறேன். தையல் மெஷின் வரிசை முழுக்க நடந்து, சட்டைக்குக் கை வைப்பது முதல் பட்டன் வரை பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கடை அடுத்த வருடம்.

பிரித்துத் தைத்துப் பழக உன் ஜாக்கெட் ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், நீ போட்டுக்கொள்வது போதும்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. ஜாக்கெட்டைத் துவைக்காமலே அனுப்பு.

உன் மகள்,
தேன்மொழி