ஒரு டஜன் ரோஜா

பானெவெஷிஸ்
3 நவம்பர் 2016

திரு. ஷில்வினாஸ் அவர்களுக்கு,

ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

உங்களை 'நீங்கள்' என்றுதான் எழுதப்போகிறேன். வேண்டாதவரைத் தள்ளி நிறுத்த நம் மொழியில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் குடியேறிய நாட்டின் மொழியில் அது கிடையாது. அங்கே முதலாளிக்கும் நாய்க்கும் ஒரே சொல். இதை என்னால் ஒரு நாளும் ஏற்க முடிந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நேற்று கல்லறைத் திருநாள். நியோலேவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, திரும்பும் வழியில் என் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் மகள் ரூதா ஜனவரியில் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போகிறாள். "மாமா, இதைப் படிச்சா மூணு மாசத்துல பேசிடலாமாம்" என்று ஒரு புத்தகத்தை நீட்டினாள். லித்துவேனியர்களுக்கு அன்றாட ஆங்கிலம். அட்டையில் உங்கள் பெயர். உங்கள் பெயர் மட்டும்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி. முதலில் நம் சொல், அடுத்து அவர்கள் சொல், கடைசியில் அதை எப்படி உச்சரிப்பது என்று நம் எழுத்தில். அந்த மூன்றாம் பத்தி யாருடைய யோசனை? 2003ஆம் வருஷக் குளிர்காலத்தில், செவ்வாயும் வெள்ளியும், என் சமையலறை மேஜையில் கட்டம் போட்ட நோட்டில் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தது யார்? கண்ணாடித் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்து நாம் மூன்று பேரும் வெளியே வந்திருந்தோம். மே மாதம் ஐரோப்பியக் கதவு திறந்ததும் சேர்ந்து கிளம்புவதாகப் பேச்சு. நான் பொறியாளன், கல்லூரியில் இரண்டு வருஷம் ஆங்கிலம் படித்தவன். நீங்கள் எலெக்ட்ரீஷியன், ஒரு சொல்லும் தெரியாதவர். நியோலேவுக்குத் தெரிந்ததெல்லாம் பாட்டுகளில் வரும் சொற்கள்.

நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சொல்லும் அந்த ஒலிக்காக மூன்று பேரும் கண்ணாடி முன்னால் நின்றோமே! கறுப்பு ரொட்டி மேலெல்லாம் எச்சில். நியோலே, "இந்த ஒரு எழுத்தக் கத்துக்கிட்டா போதும், இங்கிலாந்துல தண்ணியே இல்லாம செடி வளக்கலாம்" என்றாள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'தி' என்ற அந்தக் குட்டிச் சொல் நம் மொழியில் இல்லாததால், எங்கே போட வேண்டும் எங்கே கூடாது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. நீங்களோ உப்புத் தூவுகிற மாதிரி எல்லா இடத்திலும் தூவினீர்கள். நான் திருத்தினேன். அவள் அதைப் போடுவதையே விட்டுவிட்டாள்.

கெட்டில், ஜன்னல், கதவு என்று ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வீடு முழுக்க ஒட்டினாள். ஒரு நாள் என் நெற்றியிலும் ஒன்று. 'கணவன்' என்று எழுதியிருந்தது. ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் அதையும் திருத்தினேன்.

உங்கள் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: "நான் தும்மினாலும் என் கணவர் திருத்துவார்." அன்று அவள் சொன்னது. அப்படியே அச்சில். முப்பத்தைந்தாம் பக்கத்தில் பீட்ரூட் சூப் பற்றி, ஐம்பதாம் பக்கத்தில் ஐந்தாவது மாடிப் படிக்கட்டு பற்றி. எல்லாம் அவள் வாக்கியங்கள். இன்று ஊர்பேர் தெரியாத ஆட்கள் விமானத்தில் உட்கார்ந்து அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள்.

மே மாதம் நீங்கள் முதலில் போனீர்கள். "ஒரே மாசம், உங்க ரெண்டு பேருக்கும் எடம் பிடிச்சிடறேன்" என்று நோட்டையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கடிதத்தை எப்படி முடிப்பது என்ற கடைசிப் பக்கம் மட்டும் காலியாக இருந்தது. என் பாடப்புத்தகத்தில் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடித்திருந்தார்கள். நீங்கள் "அதெல்லாம் ஜார் காலத்துல" என்று சிரித்தீர்கள். சண்டை போட்டு அப்படியே விட்டோம். அடுத்த மாதம் நியோலேவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நாங்கள் எங்கேயும் போகவில்லை.

அதற்கெல்லாம் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ரோஜாவுக்குத்தான்.

2009 ஜூன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கடைக்காரன் வந்து உங்கள் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். எண்ணினேன். பன்னிரண்டு. இரட்டைப்படையில் பூ யாருக்குக் கொண்டுபோவோம் என்று நம் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். உயிரோடு படுத்திருந்தவளுக்குச் சவத்துக்கான பூ அனுப்பினீர்கள். பக்கத்துக் கட்டில் ஸ்டெஃபா அம்மாளின் மேஜையில்கூட, மறுநாள் டீ கிளாஸில் ஒற்றை ரோஜா ஒன்று இருந்தது. யாரோ முறை தெரிந்த மனிதர் கொண்டுவந்தது. மூன்று வாரத்தில் நியோலே போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்து கையை நீட்டினீர்கள். நான் தொடவில்லை. இப்போதும் தொட மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த பதிப்பில் அவளுடைய வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. என் கோடுகளை வைத்துக்கொள்ளுங்கள். அவளை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வைடோடாஸ்
பொறியாளர்

•

பீட்டர்பரோ
27 நவம்பர் 2016

டேய் வைடாஸ்,

நீ 'நீங்கள்' போட்டால் நானும் போட வேண்டுமா என்ன? ஐந்தாவது மாடிக்கு உன் பியானோவை முதுகில் தூக்கியவன் நான்.

உன் கடிதத்தை இங்கே தொழிற்சாலை கேன்டீனில் வைத்துப் படித்தேன். கேரட் பொட்டலம் கட்டும் இடம்தான், இன்னும் மாறவில்லை. ஷிஃப்ட் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து எப்படி இருக்கிறாய் என்றார். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டாவது தடவையாகப் பதில் சொல்லிவிட்டேன். வந்த முதல் வாரம் இதே கேள்விக்கு நான் பல்வலியில் ஆரம்பித்து அம்மாவின் முழங்கால் வரை சொன்னதும், அம்மாவின் முழங்காலுக்கு வருவதற்குள் அந்த ஆள் காணாமல் போனதும் உனக்கு எழுதியிருந்தேனே. நோட்டில் கேள்வியை எழுதினோம், அவர்கள் பதிலுக்கு நிற்க மாட்டார்கள் என்று எழுதவில்லை. இப்போது புத்தகத்தில் சேர்த்திருக்கிறேன். பதினோராம் பக்கம்.

அட்டையில் உன் பெயர் இல்லாததற்குக் காரணம் நீதான். பெயர் போடலாமா என்று 2014இல் இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. உறைமேல் 'ஏற்க மறுப்பு' என்று உன் அழகான கையெழுத்து. கேட்காமல் போட்டால் வழக்குப் போடுவாய் என்று பயந்தேன். போட்டிருப்பாய், இல்லையா?

ரோஜா விஷயத்தில் எனக்குச் சமாதானம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். இங்குள்ள பூக்கடைக்குப் போனில் ஆர்டர் கொடுக்க வேண்டும். முந்தின நாள் முழுக்க நோட்டைப் பார்த்து ஒத்திகை பார்த்தேன். ஊர், தெரு, ஆஸ்பத்திரி, நோயாளி பெயர், எல்லாம். போனை எடுத்த பெண் ஒரு தடவைகூட 'மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்கவில்லை. அதற்கு முன் ஒரு டெலிபோன் பேச்சைக்கூட நான் இப்படிப் பேசி முடித்ததில்லை. கடைசியில் "ஒரு டஜனா?" என்றாள். புரிந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் ஆமாம் என்றேன். அவர்கள் டஜன் கணக்கில்தான் விற்கிறார்கள், அவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் பன்னிரண்டு என்பது உறைத்தது. திரும்பக் கூப்பிட்டேன். கடை மூடியிருந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் நம் ஊர்க்காரனாக இல்லை, வைடாஸ். அவ்வளவுதான்.

திருப்பி அனுப்பிய உறைகளில் ஒன்றுக்குள் இது இருந்தது. நியோலே எனக்கு எழுதியது. ஸ்டெஃபா அம்மாளின் மகன் தபாலில் போட்டிருக்கிறான். ஆங்கிலத்தில்தான் எழுதினாள், நம் நோட்டின் ஆங்கிலத்தில். மூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். நகல் எடுத்துக்கொண்டேன். உனக்கு ஆத்திரம் வந்தால் கிழிக்கலாம், என்னிடம் இன்னொன்று இருக்கிறது. அவள் கையெழுத்து பிடிபடாவிட்டால் படிக்க வசதியாக நம் மொழியில் சொல்லுக்குச் சொல் போட்டிருக்கிறேன்:

"அன்பான ஷில்வினாஸ். பூவுக்கு நன்றி. பூ சிவப்பு. பூ பன்னிரண்டு. என் கணவர் எண்ணினார். முகம் சுவர் மாதிரி ஆச்சு. நான் சிரிக்க ஆசை, வயிறு வலி, சிரிக்கவில்லை. அவர் சூப் வாங்கப் போனார். நான் ஒரு பூ எடுத்தேன். பக்கத்து அம்மாவுக்குக் கொடுத்தேன். அவங்களுக்கு யாரும் பூ கொண்டுவரவில்லை. இப்போது எனக்குப் பதினொன்று. அவங்களுக்கு ஒன்று. இரண்டு பேரும் உயிரோடு. நீ தப்பு செய்யவில்லை, நீ இங்கிலீஷ்காரன் ஆகிவிட்டாய். அவரிடம் இந்தக் கடிதம் காட்டாதே. திருத்துவார். கடிதம் எப்படி முடிப்பது நோட்டில் இல்லை. அந்தப் பக்கத்தில் நீங்கள் இரண்டு பேரும் சண்டை. அதனால் நான் முடிக்கவில்லை."

இவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை.

காட்டாதே என்றுதான் எழுதியிருக்கிறாள். அதனால்தான் ஐந்து வருஷம் அனுப்பவில்லை. பிறகு, உனக்கு இது இல்லாமல் போவது அதைவிடப் பெரிய தப்பு என்று பட்டது.

இரண்டாம் பதிப்பு ஜனவரியில் அச்சுக்குப் போகிறது. எடு என்றால் எல்லா வாக்கியத்தையும் எடுத்துவிடுகிறேன். சத்தியமாக. ஆனால் எடுத்த பிறகு அந்தப் புத்தகத்தில் மிஞ்சப்போவது பேருந்து நேரமும் காய்கறிப் பெயரும்தான். பதில் போடு. எப்படியானாலும் போடு.

உன்
ஷில்வினாஸ்

•

பானெவெஷிஸ்
11 டிசம்பர் 2016

ஷில்வினாஸ்,

கிழிக்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பியானோவைத் தூக்கியது மூன்றாவது மாடி வரைதான். மீதி இரண்டு மாடி நானும் மச்சானும். சரித்திரத்தைச் சரியாக எழுது.

அவள் கடிதத்தில் ஒன்பது பிழை இருக்கிறது. பென்சிலைக் கூர் சீவி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே அந்தக் குட்டிச் சொல் இரண்டு இடத்தில் இல்லை. பென்சில் நுனி தாளைத் தொடும் வரை போனேன். பிறகு வைத்துவிட்டேன். அங்கே படுத்துக்கொண்டு, ஊசி ஏறும் கையால், நான் சூப் வாங்கப் போன இருபது நிமிஷத்தில் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரிந்து அவள் தனியாக எழுதிய ஒரே ஆங்கிலம் இதுதான். ஒரு இடத்திலும் எனக்கு அர்த்தம் புரியாமல் போகவில்லை.

ஸ்டெஃபா அம்மாளின் டீ கிளாஸை நான் பார்த்தேன். அந்த ரோஜாவைப் பார்த்து, கொண்டுவந்தவரை மனதுக்குள் மெச்சினேன். உன்னைத் திட்டவும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அதே சிவப்பு, அதே நீளத் தண்டு. எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ஜாடியில் மீதி எத்தனை என்று மறுபடி எண்ணியும் பார்க்கவில்லை. எதையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை சரிபார்க்கிறவன் என்று பேர் எனக்கு.

ஏழு வருஷம் என்னிடமிருந்தது பன்னிரண்டு. அவளிடமிருந்தது பதினொன்று.

போன வாரம் ரூதா வந்தாள். அடுப்படியில் நின்று உன் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தாள். "மாமா, இந்தத் தும்மல் வாக்கியம் சூப்பரா இருக்கு, யாரு மாமா இது?" என்றாள். உன் அத்தை என்றேன். கதவைக் காட்டினேன். கைப்பிடிக்கு மேலே அவள் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. வெயிலில் எழுத்து பழுப்பாகிவிட்டது, படிக்க முடிகிறது. ரூதா அதையும் படித்தாள். உச்சரிப்பு சரியில்லை. இந்த ஒரு தடவை நான் திருத்தவில்லை.

வாக்கியங்களை எடுக்காதே. ஒன்றுகூட எடுக்காதே. பிழை திருத்தவும் வேண்டாம். அட்டையில் அவள் பெயரைப் போடு. முதலில் அவள், பிறகு நீ. கோடு இழுத்தவன் பெயரைப் புத்தகத்தில் போடுகிற வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

இன்னொரு விஷயம். ரூதா ஜனவரி 9 அங்கே வந்து இறங்குகிறாள். அவளை யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதிலுக்கு நிற்க மாட்டார்கள் என்று முன்னாலேயே சொல்லிவை. நீ கேட்டால் மட்டும் நின்று கேள். பூ கொண்டுபோவதானால் எண்ணிக் கொண்டுபோ.

இப்போது கடைசி வரிக்கு வந்து அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். 'இப்படிக்கு' என்று எழுதி அடித்துவிட்டேன். 'உன்' என்று எழுதவும் இன்னும் கை வரவில்லை. கீழ்ப்படிந்த ஊழியன் என்று போட்டால் மறுபடி சிரிப்பாய். அந்தப் பக்கம் நம் நோட்டில் காலியாகத்தானே இருக்கிறது. நீ கோடை விடுமுறைக்கு வரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு வா, மேஜை அங்கேயேதான் கிடக்கிறது, உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போட்டு முடிப்போம். அதுவரை அவள் விட்ட இடத்திலேயே நானும் விடுகிறேன். கையெழுத்துப் போடவில்லை. உறையில் வைத்து ஒட்டி, இப்படியே தபாலில் சேர்க்கப்போகிறேன்.