அம்மாவுக்கு மலைப்பாதை ஆகாதாமே, அப்பா

நான் பயந்து பயந்து நேசித்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் உங்களை நினைத்தால் அழுகைதான் வரும். அதற்குப் பிறகு கோபம் வருகிறது. இங்கே புனேயில், கராடி ஆபீஸ் லிஃப்டில் ஏறினால் மனசுக்குள் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே என் மாடியைத் தாண்டிப் போய் இறங்குகிறேன். எதிரில் உட்கார வைத்துக் கேட்க வழியில்லை, அதனால் எழுதுகிறேன். நான் புனேயில் படித்த பெண், தமிழில் ஒற்றுப் பிழை இருக்கும். இந்த ஒரு தடவை சிவப்பு மை பேனாவைத் தூக்காமல் படியுங்கள்.

விஷயம் இதுதான். நானும் அம்மாவும் டிசம்பரில் கொங்கண் கடற்கரைக்குக் காரில் போகிறோம். ஏழு நாள். தாம்ஹிணி மலையில் இறங்கி, ஹரிஹரேஷ்வர், அங்கிருந்து காரைப் படகில் ஏற்றிக் காயலைக் கடந்து, பாறைக் கரையை ஒட்டியே குஹாகர், ரத்னகிரி, மால்வண் என்று போய் வெங்குர்லாவில் முடிக்கிறோம். எல்லாம் உங்கள் நீல நோட்டில் நீங்கள் எழுதி வைத்த வழிதான். நான் வரைபடத்தில் வேறு வழி காட்டினேன், அம்மா கேட்கவில்லை. "அவிய போட்ட பிளான்லதான் போணும். எவ்வளவு ஆசப்பட்டாவ, பாவம், ஒருநாளும் போவாமலே போயிட்டாவ" என்றாள்.

அத்தை திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, வருஷம் திரும்புவதற்குள் ஊர் சுற்றுவதா என்று ஆரம்பித்தாள். அம்மா அசரவில்லை. "கோயிலுக்குத்தான் போவக்கூடாது மைனி. கடலுக்குப் போவக்கூடாதுன்னு ஆரும் சொல்லல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். உங்கள் அக்காவிடம் அம்மா அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. உங்களுக்காகத்தான் பேசினாள்.

அந்த நோட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சாப்பாட்டு மேசையில் விரிப்பீர்கள். எந்தப் படகு எத்தனை மணிக்கு, எங்கே பெட்ரோல், எந்த வளைவில் சாலை மோசம், எல்லாம் இருக்கும். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஏதாவது வந்துவிடும். மலையில் மண் சரிந்துவிட்டது, காரில் கிளட்ச் சரியில்லை, எனக்குப் பரீட்சை. பேங்கில் ஊர் சுற்ற லீவும் டிக்கெட்டும் கொடுத்தார்களே, எல்.எஃப்.சி. என்று, அது அத்தனையும் திருநெல்வேலிக்கும் குலசாமிக்கும் போயிற்று. இங்கே தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே அப்படித்தான். ஒருநாள் முழுக்க ரயிலில் ஊருக்குப் போவோம், அரை நாள் தூரத்தில் இருக்கிற கடலைப் பார்த்திருக்க மாட்டோம். அம்மா தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து உங்களிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நோட்டில் குஹாகருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் பேரை மூன்று தடவை அடிக்கோடு போட்டு வைத்திருந்தீர்கள். அங்கே தங்க ஒரு வீடு தேடினேன். ஊரிலேயே ஒரு வீட்டில்தான் அறை வாடகைக்கு விடுகிறார்கள். போனை எடுத்தது வயதான அம்மாள், மராட்டி வழக்கப்படி நான் காக்கூ என்று கூப்பிட்டேன். பதிவு பண்ண என் முழுப் பேரைச் சொன்னேன். கல்யாணி சிவசங்கரன்.

"சிவசங்கரன்? பேங்க் சாஹேப் பெண்ணா நீ?" என்று மராட்டியில் கேட்டார். கேண்டீனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சாஹேப் இந்த வருஷம் ஏன் வரவில்லை என்றார். வருஷா வருஷம் ஜனவரியில் மூன்று நாள், அதே மாடி அறை, ஒன்பது வருஷமாக. பாறை மேல் உட்கார்ந்து பாடுவாராம். ராத்திரி சாப்பாட்டில் அவர் அடிக்கும் ஜோக்குக்குத் தன் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிடுமாம். சுர்மை மீன் வறுவல் என்றால் சாஹேபுக்கு உயிராம். நீங்களா? பாட்டா? மீனா?

எங்களிடம் நீங்கள் சொன்னது வேறு. ஜனவரி என்றால் ரத்னகிரிப் பக்கம் கிளைகளில் இன்ஸ்பெக்‌ஷன். பேங்கிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு கோலாப்பூரில் பென்ஷனர் கூட்டம். அம்மா விடியற்காலையில் எழுந்து இட்லிக்கு எண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி இலையில் கட்டிக் கொடுப்பாள். அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள் பாருங்கள், அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒன்பது வருஷம் எங்கள் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறீர்கள்.

பத்தாம் வகுப்பில், புனே கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரியில் நான் முட்டை பப்ஸ் தின்றதை யாரோ பார்த்து உங்களிடம் சொல்லிவிட்டார்கள். நீங்கள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. நம் வீட்டில் இப்படி ஒருத்தியா என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் அழுது, குளித்து, விபூதி பூசி, உங்கள் காலில் விழுந்தேன். அப்பா, நீங்கள் மீன் தின்றது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னிடம் சொல்லியிருந்தால் நானே வாங்கித் தந்திருப்பேன். அந்த நான்கு நாளை மட்டும் எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இதெல்லாம் கூடப் போகட்டும். போனை வைக்கிறதுக்கு முன்னால் காக்கூ கேட்டார், "அம்மாவும் வருகிறாளா? அவளுக்கு மலைப்பாதை ஆகாதே. வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள், அதனால்தான் கூட்டி வர முடியவில்லை என்று சாஹேப் ஒவ்வொரு தடவையும் சொல்வாரே." பிறகு, "உன் அம்மா பேர் என்ன? அவர் சொன்னதே இல்லை" என்றார். நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நீங்கள் இல்லை என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் அம்மாவிடம் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொன்னால், அவள் எட்டு மாதமாக யாருக்காக அழுகிறாளோ அந்த மனுஷனை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். சொல்லாமல் கூட்டிப்போனால், அந்த வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருத்தி வாயால் அவள் கேட்க வேண்டிவரும். வேறு ஊரில் தங்கலாம் என்று நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "மூணு கோடு போட்டிருக்காவ, அங்கதான் தங்கணும்" என்கிறாள். என்னை இந்த இக்கட்டில் மாட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். என்றைக்காவது ஒருநாள் இது வெளியே வரும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா?

சனிக்கிழமை காலையில் ஹடப்சரில் நம் வீட்டுக்கு, அம்மாவைப் பார்க்கப் போனேன். டிசம்பருக்கு இப்போதே பெட்டி எடுத்து வைத்திருந்தாள். மேலாக ஒரு துண்டில் எதையோ சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் ஹாலில் மாட்டியிருந்த உங்கள் படம், மாலையை மட்டும் கழற்றியிருந்தாள். "அந்தக் கடலக் கண்ணால பாக்காமலே போயிட்டாவல்லா. அந்தப் பாறையில வச்சு ஒரு நிமிசம் காட்டணும்ட்டி" என்றாள்.

அப்பா, அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எத்தன வருசமா?" என்றாள்.

"ஒன்பது."

"கூட ஆரு?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான் வந்தாராம்."

கொஞ்ச நேரம் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கூட ஒருத்தி இருந்தாள்னாலும் எனக்கு வெளங்கிரும். கடலப் பாக்கதுக்கு என்னட்ட எதுக்குட்டி பொய்?" என்றாள். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா? தனியாக இருக்க ஆசை என்றால், போய்வாருங்கள் என்று அதே இட்லியைக் கட்டிக் கொடுத்திருப்பாளே. சிரிக்கவும் பாடவும் உங்களுக்கு வேறு வீடு வேண்டியிருந்ததா? எங்கள் முன்னால் பாடினால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வாந்தி விஷயத்தைச் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். வாய் தவறி வந்துவிட்டது. அதுவரை சாந்தமாக இருந்தவள் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"எனக்கா? நானா வாந்தி எடுத்தேன்? கண்டாலா மலையில வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்த மோந்துட்டு வந்தது ஆரு? கவரப் பிடிச்சுட்டு பக்கத்துல உக்காந்திருந்தது ஆரு? ஆறு மாசப் பிள்ளை ஒன்ன மடியில போட்டுட்டு, ஒரு கையால அவிய நெத்தியப் பிடிச்சுட்டு வந்தேன்ட்டி நான்."

உங்கள் பலவீனத்தைத் தூக்கி அவள் பேரில் எழுதிவிட்டீர்கள். காகிதத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தால் கூட ஒரு கிளையையே நடுங்க வைத்த மனுஷன் நீங்கள். அந்த ஊரில் எல்லோரும் அம்மாவை நோஞ்சான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பேர் கூட இல்லாத நோஞ்சான்.

அம்மா படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஆணியிலேயே மாட்டினாள். கோணலாக இருந்ததைச் சரிகூடப் பண்ணினாள். "அவியதான் பாத்தாச்சுல்லா. இனி நான் பாக்கேன்" என்றாள். பிறகு இறங்கி, அந்த வீட்டில் அறை போட்டாயிற்றா என்று கேட்டாள்.

"இல்லம்மா. வேற ஊர் பாக்கறேன்."

"வேண்டாம். அங்கேயே போடு. நான் அந்தம்மா முன்னால கார விட்டு இறங்கி நிக்கணும்."

மறுநாளே காக்கூவுக்குப் போன் போட்டு அறையை உறுதி பண்ணிவிட்டேன். மாடி அறை வேண்டாம், கீழே கொடுங்கள் என்றேன். சாஹேப் வருகிறாரா என்று மறுபடி கேட்டார். அம்மா வந்து சொல்வாள் என்று மட்டும் சொன்னேன்.

என் கோபம் தணிய எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. திதியன்று எள்ளும் தண்ணீரும் விடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுதினால் அது பொய். இந்த வீட்டில் பொய் போதும்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மலைப்பாதை முழுக்க நானே ஓட்டுகிறேன். அந்த முற்றத்தில் காரை நிறுத்தியதும் அம்மாவுக்கு முன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன், உங்களை விட்டுக்கொடுத்தோ தாங்கியோ ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவளுக்குத் தெரிந்த காய்கறிக் கடை மராட்டி போதும், அவளே சொல்லட்டும். தன் பேர் சண்முகவடிவு என்று முதலில் சொல்வாள். நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்று அதற்கு அப்புறம் சொல்வாள்.

உங்களைப் போலவே மூக்குக்கு மேல் கோபம் வரும்,
உங்கள் ஒரே மகள்,
கல்யாணி