செங்கல் பொடி

அம்மா,

போட்டோ எடுப்பார்கள் என்று என் பட்டமளிப்பு விழாவுக்கு வரமாட்டேன் என்கிறாயாம். அப்பா சொன்னார்.

ஐந்தாம் வகுப்பில் போட்டோ எடுத்த அன்று காலையில், "பல்லு வெளக்கறதே இல்லியா?" என்று என் பழுப்புப் பல்லைச் செங்கல் பொடியால் தேய்த்தாய். ஈறில் ரத்தம் வந்தது, கறை போகவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஊர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "இந்தக் கறை வெளக்காததால இல்ல, நம்ம போர் தண்ணியில ஃபுளோரைடு ஜாஸ்தி" என்றார். பல் டாக்டராக வேண்டும் என்று அன்றுதான் நினைத்தேன்.

இன்று எங்கள் கல்லூரிப் பல் ஆஸ்பத்திரிக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, என் எதிரிலேயே மகளின் பழுப்புப் பல்லைக் காட்டித் திட்டினார்.

"பாப்பா மேல தப்பில்லீங்க" என்றேன். பிறகு, "உங்க மேலயும் இல்லீங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், உன்னைப் போலவே.

விழாவுக்கு வா. இருவரும் பல் தெரியச் சிரிப்போம்.

உன் மகள்