ஊற்றோரத்துக் கலப்புமரம்

மே 6

காப்பி இலையில் விழும் துருநோய் கீழ்த்தோட்டத்துக்கும் இறங்கிவிட்டது. இலையைத் திருப்பினால் மஞ்சள் பொடி விரலில் ஒட்டுகிறது. அப்பா வைத்த அராபிகா மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன. ஊற்றோரத்தில் தானாக முளைத்த அந்தக் கலப்புமரம் மட்டும், ரொபஸ்டாவுக்கும் அராபிகாவுக்கும் பிறந்தது, ஒரு புள்ளி இல்லாமல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. பார்த்தாலே எரிச்சல். அப்பா அராபிகா வைத்த நிலத்தில் இந்தக் கலப்பின் விதையை ஊன்ற மாட்டேன் என்று ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் காய்த்துக் குலுங்குவதும் இது ஒன்றுதான்.

மே 9

கலப்புமரத்தில் கைக்கெட்டும் கிளைகளில் பழுத்தது ஒன்றுகூட இல்லை. பச்சைக்காய் மட்டும் அப்படியே இருக்கிறது. போன வருஷமும் இப்படித்தான். மரநாய் என்று விட்டுவிட்டேன். ஆனால் மரநாய் தின்றால் அங்கேயே கொட்டையைக் கழிந்துவிட்டுப் போகுமே? மரத்தடி துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. இது இரண்டு கால் மரநாய்.

மே 14

மாதாகோயில் பூசை முடிந்து தங்கை எத்தெல்வினா வீட்டுக்குப் போனேன். ஊற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. பின்னால் புதிதாக ஒரு கொட்டகை, நாலு பக்கமும் பனையோலை வைத்து அடைத்திருக்கிறது. எட்டிப் பார்க்கப் போனேன். அவள் புருஷன் ஃபவுஸ்தினோ ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"பன்னி குட்டி போட்டிருக்கு மச்சான். புது ஆளைப் பார்த்தா மிரளும்."

"நான் புது ஆளாடா?"

சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். எத்தெல்வினா சட்டென்று, "அண்ணே, மரவள்ளி வெந்துருச்சு, வந்து சாப்பிடுங்க" என்றாள். ஏன் அவ்வளவு அவசரம்?

மே 15

பன்றி இருந்தால் நாற்றம் அடிக்க வேண்டாமா?

மே 17

என் மனைவி சுல்மிராவிடம் சொன்னேன். சோளத்தைக் கிளறிக்கொண்டே, "உங்களுக்கு உங்க நிழலைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மே 20

திருடனைப் பிடிக்கும் மந்திரக்கட்டு, ஹோரோக், கட்டிவிட்டேன். காய்ந்த இலை, மிளகாய், ஒரு எலும்புத் துண்டு, எல்லாம் சேர்த்துக் கட்டிய முடிச்சு கலப்புமரத்தின் கிளையில் தொங்குகிறது. இனி அதிலிருந்து பறித்துத் தின்பவன் வயிறு வீங்கிக் கிடப்பான். கட்டும்போது ஃபவுஸ்தினோவின் முகத்தை நினைத்துத்தான் கட்டினேன். பாதிரியாருக்குத் தெரிந்தால் கிழித்துவிடுவார். தெரியட்டும். பெண் கொடுத்த வீட்டிலேயே திருடுபவனைப் பாதிரியாரா பிடித்துத் தருவார்?

மே 24

அவன் நன்றாகத்தான் இருக்கிறான். விறகு சுமந்துகொண்டு போனான். பாட்டு வேறு.

மே 27

பொறுக்க முடியவில்லை. மதியத்திலிருந்து மரத்தடியிலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். மூடுபனி இறங்கி ஊற்றே மறைந்துவிட்டது. பறிக்க ஒருவனும் வரவில்லை. சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து வாயெல்லாம் தித்திப்பு. ஃபவுஸ்தினோவின் பிள்ளைகள் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். "மாமா, இங்க என்ன பண்றீங்க?" என்று சின்னவள் கேட்டாள். வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான்!

மே 28

தாழ்ந்த கிளையில் மறுபடி பழம் குறைந்திருக்கிறது! நேற்று முழுக்க நான் அங்கேதானே இருந்தேன்? எப்படி?

மே 31

வயிறு.

ஜூன் 2

எழுத உட்கார முடிகிறது. வயிறு மத்தளம் மாதிரி. சுல்மிரா வைத்தியக்காரி குஸ்தோதியாவைக் கூட்டி வந்தாள். அவள் வயிற்றை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எதுல கட்டினே?" என்றாள். சொன்னேன். "கட்டினதுக்கப்புறம் அதுல பறிச்சுத் தின்னியா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. காவலுக்கு உட்கார்ந்தவன் கை சும்மா இருக்குமா? பழம் கண்ட இடத்தில் பறித்து, தோலை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைத் துப்புவது பிறந்ததிலிருந்து பழக்கம். ஓடைப்பக்கம் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தத் தித்திப்பு! கடவுளே, நான் கட்டியது, நானே தின்றது.

குஸ்தோதியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகம் மாறி, "யாரை நெனச்சுக் கட்டினியோ, அவன் கையாலதான் அவுக்கணும். வாயைத் திறந்து அவன்கிட்ட நீயே சொல்லணும்" என்றாள்.

அவனிடம் போய்ச் சொல்வதைவிடச் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஜூன் 3

சொன்னேன். ஃபவுஸ்தினோ முதல்முறையாகச் சிரிக்கவில்லை. போய் அவிழ்த்துக் கொண்டுவந்தான். வெற்றிலையை மென்று என் நெற்றியிலும் வயிற்றிலும் வைத்தான். முரடாக அழுத்தவில்லை. வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"என்னை நெனச்சுக் கட்டினீங்க, சரி. எம் புள்ளைங்க தினம் அந்த வழியாத்தானே தண்ணிக்குப் போகுதுங்க? அதுல ஒண்ணு பழத்தைப் பறிச்சு வாயில போட்டிருந்தா?"

அந்தச் சின்னவள் என் எதிரில் நின்றுதானே பேசினாள்? எனக்கு ஏன் தோன்றவில்லை? வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 6

நடக்க முடிந்தது. சுல்மிராவே கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். பன்றி இல்லை. வரிசை வரிசையாகக் காப்பி நாற்றுகள். அகன்ற இலை, அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கலப்புமரத்தின் பிள்ளைகள். ஒரு மூலையில் இந்த வருஷத்து விதை முளைவிட்டிருக்கிறது.

"நான்தான் பறிச்சேன்" என்றாள் சுல்மிரா. "போன வருஷமும் நான்தான். அராபிகா பூராவும் போயிட்டா நாம எதைத் திங்கிறது? உங்ககிட்ட கேட்டா விட்டிருப்பீங்களா? அதான் அவங்க வளர்த்துத் தர்றோம்னாங்க."

"ஹோரோக் உன்னை ஏன் ஒண்ணும் பண்ணல?"

"நீங்க கட்டினதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகலையே. தின்னது பூராவும் நீங்கதான்."

எத்தெல்வினா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

ஆகஸ்ட் 19

அறுவடை முடிந்தது. அராபிகா கால்வாசிகூடத் தேறவில்லை. கலப்புமரத்துப் பக்கம் தங்கை வீட்டார் யாரும் வருவதில்லை. பிள்ளைகள் மேட்டு வழியாகச் சுற்றித் தண்ணீருக்குப் போகிறார்கள்.

டிசம்பர் 4

நல்ல மழை. காலையில் எழுந்து பார்த்தால் என் வேலியோரம் நாற்றுகள் இறக்கி வைத்திருக்கிறது. ஈரச் சாக்கு போர்த்தி, பத்திரமாக. ஆளைக் காணோம்.

டிசம்பர் 9

துரு தின்ற அப்பாவின் மரங்களை வெட்டிவிட்டு, அந்த இடத்திலெல்லாம் கலப்பு நாற்று நட்டேன். அழுகை வந்தது, அழுதுகொண்டே நட்டேன். சுல்மிரா குழி தோண்டிக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 26

நேற்றுப் பூசையில் எத்தெல்வினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்று ஃபவுஸ்தினோ வந்தான். நாற்றெல்லாம் வேர் பிடித்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். கலப்புமரத்துக் காப்பிதான், நானே போட்டேன், சர்க்கரை நிறையப் போட்டு. கோப்பையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கமே திருப்பி நீட்டினான்.

"நீங்க மொதல்ல குடிங்க மச்சான்."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். தெரியவில்லை. குடித்தேன். அவன் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கோப்பையை வாங்கி மீதியைக் குடித்தான்.